கரைச் சுற்றுலாவில் எலும்பு முறிவு: வழக்குப் போடலாமா?

கேள்வி: கரீபியன் தீவுகளுக்குக் கப்பல் சுற்றுலா சென்றோம். அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறினோம். கப்பலில் இருந்த கரைச் சுற்றுலா மேசையில், 'எளிது' என்று குறிப்பிட்டிருந்த அருவிப் பயணத்தை வாங்கினோம். அங்கே பாறைப் படியில் என் கணவர் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. தகடு வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி உதவாமல் அதட்டினார். கப்பல் மருத்துவர் பெரும் தொகை வாங்கினார். பத்து மாதங்களாகக் கடிதம் எழுதிய பிறகு, மருத்துவச் செலவில் ஒரு பகுதியும் அடுத்த பயணத்துக்குச் சலுகையும் தருவதாகச் சொல்கிறார்கள். வழக்குப் போட வேண்டும் என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: வழிகாட்டி அதட்டியது, மருத்துவர் கட்டணம், பாழான விடுமுறை ஆகியவற்றை ஒதுக்கி வையுங்கள். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அவற்றை வைத்து வழக்கு நிற்காது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே: கணவர் விழுந்த தேதி. அதிலிருந்து பத்து மாதம் ஓடிவிட்டது என்பதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான செய்தி.

டிக்கெட்டுடன் வந்த பயண ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். இத்தகைய ஒப்பந்தங்களில் பெரும்பாலும், காயத்தைப் பற்றி ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று இருக்கும். அமெரிக்கச் சட்டம் இதைவிடக் குறைந்த கெடு வைக்கக் கூடாது என்று மட்டுமே சொல்கிறது. இந்தக் கெடு செல்லும். வழக்கை எங்கே போட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். பெரிய நிறுவனங்கள் பல மயாமி நீதிமன்றத்தையே எழுதிவைக்கின்றன. 1991-இல் கார்னிவல் நிறுவனத்துக்கு எதிரான ஷூட் வழக்கில், டிக்கெட்டில் அச்சிட்ட அத்தகைய நிபந்தனை பயணியைக் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கப்பலின் சமையற்கூடத்தைச் சுற்றிப் பார்க்கும்போது வழுக்கி விழுந்த பெண்ணின் வழக்கு அது. அவர் வாழ்ந்த வாஷிங்டன் மாநிலத்தில் வழக்கு நடத்த முடியவில்லை.

இதில்தான் என் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து கனிவான பதில்கள் வரும். 'பரிசீலிக்கிறோம்', 'இன்னொரு ரசீது அனுப்புங்கள்' என்பார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்து கெடுவை நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அது ஒரு நாளைக்கூட நிறுத்தாது. ஒரு வருடம் முடிந்த மறுநாள் கனிவும் முடிந்துவிடும். முதல் ஆறு மாதத்துக்குள் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் விபத்தின் தேதி, இடம், காயம் மூன்றும் இருந்தால் அறிவிப்பு கொடுத்துவிட்டோம் என்று வாதிடலாம். அதை இன்றே தேடி எடுங்கள்.

அடுத்து, பொறுப்பு யாருடையது? கரைப் பயணத்தை நடத்தியவர் தனி ஒப்பந்தக்காரர், அவர் தவறுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அதே ஒப்பந்தம் சொல்லும். கப்பலிலேயே வாங்கியதால் கப்பலே பொறுப்பு என்று நினைக்காதீர்கள். உங்களுக்குச் சாதகமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தகுதியற்றவர் என்று தெரிந்தோ தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. மற்றொன்று, கப்பலின் பெயரிலேயே விற்றதால் அவரைக் கப்பலின் ஆள் என்று நம்பினோம் என்பது. 'எளிது' என்று அச்சிட்ட அந்தப் பக்கமும், கப்பல் கணக்கில் ஏறிய கட்டணச் சீட்டும் உங்களிடம் இருந்தால் அவை விலைமதிப்பற்றவை. ஆனால் வெளிநாட்டில் நிபுணர் சாட்சியத்துடன் இதை நிரூபிக்கும் செலவையும் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். பயணத்துக்கு முன் கையெழுத்திட்ட பொறுப்புத் துறப்புப் படிவத்தையும் அவர்கள் எடுத்து நீட்டுவார்கள்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். ஆனால் இப்போது வந்திருக்கும் வடிவத்தில் வேண்டாம். அடுத்த பயணச் சலுகையைத் தள்ளிவிட்டுப் பணமாகக் கேளுங்கள். கையெழுத்துக்காக வந்த கடிதத்தில் 'இந்த விபத்தினால் இனி எழக்கூடிய எல்லா உரிமைகளையும் கைவிடுகிறேன்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கணவரின் காலில் தகடு இருக்கிறது. அதை எடுக்க நாளை இன்னோர் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், அந்தச் செலவையும் இந்த வரி விழுங்கிவிடும். அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் உத்தேசச் செலவை எழுதி வாங்கி, தொகையில் சேர்த்துக் கேளுங்கள். பயணக் காப்பீடு இருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். அவர்கள் கொடுத்த பணத்தைக் கப்பல் நிறுவனத்திடம் திரும்பப் பெறும் உரிமையை நீங்கள் அழித்துவிட்டால், அந்தப் பணத்தை உங்களிடமே கேட்பார்கள்.

கோரிக்கையை இந்த வாரமே அனுப்புங்கள். பேச்சு முடியும்வரை வழக்குக் கெடுவை நீட்டிக்கச் சம்மதம் என்று எழுத்து மூலம் கேளுங்கள். இரண்டு வாரத்தில் கையெழுத்துடன் அது வராவிட்டால், ஒப்பந்தம் குறிப்பிடும் ஊரில் வழக்குத் தாக்கல் செய்ய ஒரு வழக்கறிஞரை அமர்த்துங்கள். தாக்கல் செய்த பிறகும் சமரசம் பேசலாம்.