அப்பாவின் நாக்கு ஓரத்துப் புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை, வலியும் இல்லை. புற்றுநோயாக இருக்குமா?

வலி இல்லை என்பதால் உங்கள் தந்தை மருத்துவரிடம் வர மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பல் மருத்துவன் என்ற முறையில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அந்த வலியின்மைதான். சூட்டுப் புண் என்று நாம் சொல்லும் சாதாரண வாய்ப்புண் முதல் நாளிலிருந்தே எரியும், பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் ஆறியும் விடும். வாய்ப்புற்றோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மூன்று வாரங்களைத் தாண்டிய புண்ணுக்குக் களிம்பையும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதில் பயனில்லை.

புண்ணின் விளிம்பு தடித்துக் கெட்டியாக இருப்பது, சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட ஆபத்தான சிவப்புத் திட்டு, வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வருவது ஆகியவற்றைக் கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது பாக்குப் பழக்கத்தால் வருவது. "புகையிலை இல்லை, வெறும் பாக்குதான்" என்பவர்கள் பலர். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பிலேயே வகைப்படுத்திவிட்டது.

மருத்துவர் முதலில் அப்புண்ணை உரசும் கூரிய பல் உள்ளதா என்று பார்ப்பார். இருந்தால் அதைத் தேய்த்துச் சரிசெய்வார். அதன் பிறகும் இரண்டு வாரங்களில் ஆறாவிட்டால், அல்லது தோற்றமே சந்தேகத்துக்கு இடமளித்தால் உடனேயே, மரத்துப்போக ஊசி போட்டு விளிம்பிலிருந்து சிறு துண்டு எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார். நோயை உறுதிசெய்வது அந்த அறிக்கைதான். ஸ்கேன் நோயின் பரவலை அளப்பதற்கே. கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்ற அச்சம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. உண்மையில் நோய் முற்றுவதற்கு இடம் கொடுப்பது, இந்த அச்சத்தால் தள்ளிப்போடும் மாதங்களே.

கண்ணால் பார்ப்பதன் பயனைக் குறைவாக எண்ண வேண்டாம். 1996இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைச் சோதித்ததால், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று இறப்புகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

மூன்று வாரங்களாகத் தொடரும் குரல் கரகரப்பு, விழுங்கும்போது சிக்குவது, கழுத்தில் கரையாத கட்டி, காதில் கோளாறு இல்லாமலே ஒரு பக்கக் காதுவலி ஆகியவற்றுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உங்கள் தந்தையை இந்த வாரமே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதய நோய்க்காக ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அதை நீங்களாக நிறுத்தாமல், திசு எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள்.