நண்டு காசரோல் (நண்டு சதைய வெள்ளை சாஸ்ல கலந்து ஓவன்ல வைக்கிறது) பேக் ஆனதும் அடியில தண்ணி நிக்குது, சாஸ்ல மாவ கூட்டணுமான்னு கேட்டிருந்தீங்க.

மாவ கூட்டாதீங்க, நண்டு சதைய பிழிஞ்சிட்டு போடுங்க. ஒரு கப் பாலுக்கு 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், 2 டேபிள்ஸ்பூன் மைதான்னு நீங்க சொன்ன அளவு சரிதான், ஆனா ஃப்ரோசன் நண்டுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அனேகமா அதுதான் வில்லன், ஐஸ் இளகும்போதே சதை தண்ணி விட ஆரம்பிக்கும், மிச்சம் ஓவன் சூட்டுல இறங்கும்.

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்லயே இளக விட்டு, வடிகட்டில போட்டு மெதுவா அமுக்கி பாருங்க. கீழ கால் கப் சேர்ந்துச்சுன்னா சந்தேகமே வேணாம். அந்த தண்ணி கெட்ட வாடை இல்லாம இருந்தா கொட்டாதீங்க, அந்த அளவுக்கு பால குறைச்சிட்டு சாஸ்லயே ஊத்தி கொதிக்க விடுங்க, ருசியே அதுலதான் இருக்கு (உப்பு மட்டும் கடைசில, அந்த தண்ணியே கரிக்கும்).

தண்ணி வரவே இல்லன்னா வெங்காயம், காளான பச்சையா போட்டீங்களான்னு யோசிங்க, வதக்கித்தான் போடணும்.

ஒண்ணு, ரொம்ப முறுக்கி பிழிஞ்சா சதை நாரு நாரா ஆயிடும். அப்புறம், தண்ணியா இல்லாம சாஸ் திரிதிரியா பிரிஞ்சிருந்தா அது வேற கதை, சூடு அதிகம். வெந்த நண்டுதானே, 180 டிகிரில 20 நிமிஷம் போதும்.