வாத்தியாரிடம் கேளுங்கள்: பிடியரிசியும் டொலரும்

கேள்வி: இலண்டனில் இருக்கும் என் மகன், தன் தெருவிலிருந்த தேவாலயத்தை யாரோ வாங்கி அடுக்குமாடி வீடுகளாக்கிவிட்டார்கள் என்கிறான். உலகத்தில் கிறிஸ்தவம் தேய்ந்துகொண்டு போகிறதா?
— ஒரு தாயார், உடுவில்

பதில்: மகனுடைய தெருவில் தேய்ந்திருக்கிறது, அம்மா. உலகம் அந்தத் தெருவோடு முடிந்துவிடவில்லை. 1910-இல் உலகக் கிறிஸ்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஐரோப்பாவில் இருந்தார்கள். 2010-இல் நான்கில் ஒரு பங்கினர்தான். அதே நூறு ஆண்டுகளில் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவின் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழிருந்து 24 சதவீதத்தை நெருங்கிவிட்டது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கு இது.

இதெல்லாம் வெள்ளைக்காரப் பாதிரிமாரின் வேலை என்றும் எண்ணிவிட வேண்டாம். லைபீரியாவைச் சேர்ந்த வில்லியம் வாடே ஹாரிஸ், 1913-இல் வெள்ளை அங்கியும் மூங்கில் சிலுவையும் ஒரு சுரைக்குடுவையுமாகக் கடற்கரை வழியே ஐவரி கோஸ்டுக்குள் நடந்தே போனார். எந்தச் சங்கமும் அவரை அனுப்பவில்லை, சம்பளமும் கொடுக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்குள் இலட்சம் பேரளவில் ஞானஸ்நானம் பெற்றார்கள். பயந்துபோன பிரெஞ்சு ஆட்சி 1914 முடிவில் அவரை நாடுகடத்தியது. பத்து வருடம் கழித்து மெதடிஸ்த மிஷனரிமார் அந்தப் பக்கம் போனபோது, குருவானவர் இல்லாத அந்தச் சபைகள் தாமாகவே கூடி ஜெபித்துக்கொண்டிருந்தன. நம் ஊரிலோ போதகருக்கு இடமாற்றம் வந்து இரண்டு ஞாயிறு ஆளில்லாவிட்டால் வாங்குகளில் தூசி படிந்துவிடுகிறது.

கேள்வி: வட்டுக்கோட்டை செமினரி, உடுவில் பெண்கள் பாடசாலை, மானிப்பாய் ஆஸ்பத்திரி என்று இவ்வளவு செய்த அமெரிக்க மிஷன், யாழ்ப்பாணத்தில் ஏன் பெரிய சபையை உண்டாக்கவில்லை?
— பல்கலைக்கழக மாணவர், சங்கானை

பதில்: நான் வரலாறு கற்பித்த காலத்தில் வகுப்பில் ஒருவராவது இதைக் கேட்கமாட்டாரா என்று காத்திருந்தேன். இப்போதாவது கேட்டீர்களே.

அமெரிக்கர் 1816-இல் தெல்லிப்பழையில் வேலையைத் தொடங்கினார்கள். 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி. டானியல் பூவர் அதன் முதல் அதிபர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. பிள்ளைகள் வந்தது பெரும்பாலும் வெள்ளாளர் வீடுகளிலிருந்து. பெற்றோர் அனுப்பியது பெரும்பாலும் உத்தியோகத்துக்காக. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கரல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இங்கே படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, பின்பு சைவராகி, தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். தமிழுக்குப் பெரிய இலாபம், சபைப் பதிவேட்டில் நட்டம். வெஸ்லியன் மிஷனிலும் இதே கதைதான். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழைச் செப்பனிட்ட ஆறுமுக நாவலர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் திறந்தார். பிரசங்கம், அச்சுக்கூடம், பாடசாலை: மிஷன் கையாண்ட மூன்றையும் அவர் மிஷனுக்கு எதிரே நிறுத்தினார். எங்கள் ஆட்கள் சிலருக்கு இன்றும் அவர்மேல் கோபம். எனக்கு மரியாதைதான்.

பொஸ்டனிலிருந்த மிஷன் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் இந்தப் போக்கைக் கவனித்தவர். 1855-இல் அவர் தலைமையில் வந்த குழுவின் முடிவால் செமினரி மூடப்பட்டது. தன்னைத் தானே ஆளுகிற, தன் செலவைத் தானே பார்க்கிற, தானே பரவுகிற சபைதான் மிஷனின் இலக்கு. ஆங்கிலக் கல்லூரி எழுதுவினைஞர்களைத்தான் உண்டாக்கும் என்பது அவர் வாதம். மூடியது கொடுமை என்றே நினைக்கிறேன். ஊர்ப் பெரியவர்களுக்கும் அது பொறுக்கவில்லை. 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி அங்கேயே எழுந்தது. ஆனால் அண்டர்சன் கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

பெரிய காரணம் சாதி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரரான வேதநாயகம் அசரியா 1912-இல் தோர்ணக்கல் பேராயரானார்; ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர். அங்கே தெலுங்கு நாட்டில் ஒடுக்கப்பட்ட சாதிகளான மாலா, மாதிகா மக்கள் குடும்பம் குடும்பமாக, ஊர் ஊராக வந்தார்கள். அவர்களுக்குள்ளிருந்தே உபதேசிமாரும் குருமாரும் எழும்பினார்கள். நாம் மேலிருந்து தொடங்கி மேலேயே நின்றுவிட்டோம். நற்கருணையில் ஒரே கிண்ணம். கலியாணம் பேசும்போது வேறு கதை. இதை எழுதியதற்குக் கண்டனக் கடிதங்கள் வரும், வரட்டும்.

கேள்வி: நிவாரணப் பொதியோடு சுவிசேஷத் துண்டுப்பிரசுரம் வைத்துக் கொடுப்பது தவறா?
— ஊழியர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: தவறு. அரிசிக்காக வரிசையில் நிற்கிறவரால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. பிரசுரத்தை வேறொரு நாள் கொண்டுபோங்கள். அன்றைக்கு அவர் வாங்க மறுத்தால் மறுத்ததுதான்.

கேள்வி: நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து, ஊரிலுள்ள எங்கள் தேவாலயத்துக்குப் புது மண்டபம் கட்ட டொலர் சேர்க்கிறோம். இதுவும் மிஷன் ஊழியம்தானே?
— ரொறன்ரோ வாசகர்

பதில்: நல்ல மனம், ஐயா. மிஷன் ஊழியம் என்று சொல்லமாட்டேன். ஞாயிறு ஆராதனைக்கு முன்வரிசை வாங்குகளே நிரம்பாத ஊரில் மண்டபம் யாருக்கு?

ஒரு பழைய சங்கதி சொல்கிறேன். 1900-ஐ ஒட்டி யாழ்ப்பாணத்து மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு மிஷன் சங்கம் அமைத்து, பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரம் சீமையிலுள்ள தொண்டிக்கு ஊழியரை அனுப்பினார்கள். நான் மேலே சொன்ன அதே அசரியா 1902-இல் இங்கே வந்து அதைக் கண்டார். சிறிய யாழ்ப்பாணம் இந்தியாவுக்கு ஆள் அனுப்புகிறதே, நாங்கள் என்ன செய்கிறோம் என்ற கேள்வி அவரைக் குடைந்தது. அடுத்த வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆக, ஒரு காலத்தில் நாம் அனுப்புகிறவர்களாக இருந்தோம். வாங்குகிறவர்களானது பிறகு.

மிசோரத்தைப் பாருங்கள். 1894-இல் இரண்டு ஆங்கிலேயர் அங்கே போனார்கள். 2011 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் 87 சதவீதத்தினர் கிறிஸ்தவர்கள். பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கிறார்கள். அந்த அரிசியை விற்ற பணத்தில் மிசோ சபைகள் இந்தியாவின் வேறு மாநிலங்களுக்கு மிஷனரிமாரை அனுப்புகின்றன. நமக்கும் பிடியரிசி தெரியாததா? என் பாட்டியின் குசினியில் அதற்கென்றே ஒரு முட்டி இருந்தது. இப்போது வீடுகளில் அந்த முட்டி இல்லை, கனடாவிலிருந்து வருகிற காசு இருக்கிறது.

உங்கள் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுப்புவதற்கு முன் சபையாரிடம் ஒன்று கேளுங்கள்: ‘நீங்கள் எவ்வளவு போடுகிறீர்கள்?’ அவர்கள் நூறு ரூபாய் போட்டால் நீங்களும் நூறு போடுங்கள். மலையகத்திலோ வன்னியிலோ ஓர் இளைஞர் குடும்பத்தோடு தங்கி ஊழியம் செய்ய அவர்கள் ஆள் தந்தால், அவருடைய பிள்ளைகளின் படிப்புச் செலவை நீங்கள் பொறுப்பெடுங்கள். கூரை ஒழுகினால் ஓடு மாற்றவும் கட்டாயம் அனுப்புங்கள். பளிங்குத் தரைக்கு ஒரு சதமும் வேண்டாம்.