கேளுங்கள், சொல்கிறோம்: கருமணலும் காந்தமும்

கேள்வி: குமரி மாவட்டத்தில் எங்கள் கிள்ளியூர் வட்டத்தில் கருமணல் எடுக்க 1,144 ஹெக்டேர் குறித்திருக்கிறார்கள். நாட்டுக்கு அவசியமாம். வெளிநாட்டில் வாங்கிக்கொண்டால் ஆகாதா?
– ஒரு வாசகர், கொல்லங்கோடு

பதில்: வாங்கலாம், விற்கிறவன் மனசு வைக்கிற வரைக்கும். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கும் (கருமணலிலிருந்தும் பிரித்தெடுக்கிற அரிய உலோகங்கள் இந்த வகைதான்) அவற்றில் செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. காசு கையில் இருந்தும் சரக்கு வரவில்லை. மோட்டாருக்குள் போகிற அந்தச் சின்னக் காந்தம் இல்லாமல் இங்கே மின்சார ஸ்கூட்டர் உற்பத்தியையே குறைக்க வேண்டி வந்தது. உள்நாட்டில் கனிமம் எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ஆனால் தோண்டினால் மட்டும் போதாது, அதற்கு உங்கள் கரையே சாட்சி. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் (தோரியமும் அருமண் தனிமங்களும் அடங்கிய கனிமம்) இருப்பதைக் கண்டுபிடித்தார், அப்புறம் மணவாளக்குறிச்சி மணல் கப்பலேறிப் போய் ஐரோப்பாவில் கேஸ் விளக்கு மேன்டிலுக்கான தோரியமானது (பெட்ரோமாக்ஸில் கட்டுவோமே, அதே மேன்டில்தான்). மண் விலை நமக்கு, மேன்டில் லாபம் அவர்களுக்கு. 1952-இல் கேரளத்தின் ஆலுவாவில் ஆலை வந்து மோனசைட்டை இங்கேயே பிரிக்க ஆரம்பித்தோம், சரி, அங்கிருந்து காந்தம் வரைக்கும் போயிருக்க வேண்டாமா? பல பத்தாண்டுகள் சும்மா இருந்துவிட்டோம். அருமண் இருப்பில் உலகின் முதல் ஐந்து நாடுகளுக்குள் இருக்கிறோம், உற்பத்தியிலோ நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் மோனசைட்டில் காந்தம் செய்கிற நியோடிமியம் உண்டு, அந்தக் காந்தம் சூடு தாங்கச் சேர்க்கிற டிஸ்ப்ரோசியம் சொற்பம். ஆகவே கொல்லங்கோட்டையே தோண்டி எடுத்தாலும் சீனாவிடம் கையேந்துவது அடியோடு நின்றுவிடாது. அதே மணலில் வரும் இல்மனைட் வெள்ளை பெயின்டுக்கும், சிர்கான் டைல்ஸுக்கும் போகிறது. அந்த வியாபாரமும் கணக்கில் உண்டு.

கேள்வி: அதில் எங்கள் ஊருக்கு என்ன கிடைக்கும்?
– அதே வாசகர்

பதில்: ராயல்டி (எடுக்கிற கனிமத்துக்குக் கட்டும் உரிமைத்தொகை) மாநில அரசுக்கு. 2015 சட்டத் திருத்தப்படி மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் ஒரு தொகை கட்ட வேண்டும், அது சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், மருத்துவம், பள்ளிக்கூடத்துக்கு என்றே வைத்தது. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டம் என்று வந்து உட்கார்ந்தால் "வேலை தருவீர்களா" என்பதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். அந்தப் பணம் எந்த ஊருக்கு எவ்வளவு, தோண்டிய குழியை எப்போது மூடுவீர்கள், கடல் அரித்தால் வீட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.