எத்தனை மணிக்கு உங்களுக்குக் கை ஓயும்?

பாடசாலையில் முப்பது வருடம் விளையாட்டு ஆசிரியராக இருந்தேன். இப்போது ஓய்வு. வெள்ளவத்தையில் கண்ட இடத்திலெல்லாம் "மாஸ்டர், எந்தச் சப்பாத்து நல்லது, எந்தப் புத்தகம் நல்லது?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: எங்கே குடியிருக்கிறீர்கள், எத்தனை மணிக்குக் கை ஓயும்? இந்த முறை கேள்வி அனுப்பியவர்களில் பாதிப் பேர் அதையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். நன்றி.

மாஸ்டர், வெள்ளவத்தை, வயது 44, வங்கி வேலை. சீனி வருத்தம் எல்லையில் நிற்கிறது, நடக்கச் சொல்லி வைத்தியர் சொன்னார். மூன்று நாள் நடந்தேன், முழங்கால் பிடித்துக்கொண்டது. காலை 7 மணிக்கு முன் நேரம் உண்டு. எங்கே நடக்கலாம்? என்ன சப்பாத்து வாங்கலாம்?

முதல் நாளே ஒரு மணித்தியாலம் நடந்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான். நாளைக்கு ஆறு நிமிடம் போய், ஆறு நிமிடத்தில் திரும்புங்கள். அடுத்த வாரம் இரண்டிரண்டு நிமிடம் கூட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம். அந்தக் கணக்கை எட்ட இரண்டு மூன்று மாதம் போனால் போகட்டும். வேகத்துக்கு அளவு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

இடம் கடலோர மரைன் டிரைவ்தான். சுதந்திர சதுக்கம் அழகு, ஆனால் அங்கே போய் வரும் நேரத்தில் உங்கள் நடையே முடிந்துவிடும். காலிமுகத்திடலுக்குப் பின்னேரம் நடக்கப் போனவர் இறால் வடையோடு திரும்புவார், நான் உட்பட. கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் 6 மணியை ஒட்டியே எழும்புவதால் 5.45க்கு இறங்கினால் வெயில் தொடாது. ஈரக் காற்றில் வியர்வை காயாது, ஆகவே உடம்பு நீங்கள் நினைப்பதைவிடச் சூடாகும். தண்ணீர் குடித்துவிட்டே புறப்படுங்கள்.

முழங்காலுக்கு ஒரு நுணுக்கம். மழைநீர் வடிய வேண்டும் என்பதால் தெருவோரம் சற்றுச் சரிந்திருக்கும். போகும்போதும் வரும்போதும் இடது ஓரத்தையே பிடித்தால் முழு நேரமும் ஒரே கால்தான் பள்ளத்தில் விழும். போன ஓரத்திலேயே திரும்பி வாருங்கள், கால்கள் முறை மாறிக்கொள்ளும். தொடை பலமாகாமல் முழங்கால் ஆறாது. சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்து, கையை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருங்கள். காலையும் மாலையும். முழங்கால் வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ என்னிடம் கேட்காமல் வைத்தியரிடம் போங்கள்.

சப்பாத்தைப் பின்னேரம் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். நடக்கும்போது போடும் அதே காலுறையைப் போட்டுப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் வெறுமையாக இருக்க வேண்டும். கடைக்குள்ளேயே சுகமாக இல்லாத சப்பாத்து வீட்டில் ஒருநாளும் சுகமாகாது. எந்தக் கம்பனி என்று கேட்காதீர்கள்.

மாஸ்டர், ஜிம்மில் ஒரு வருடத்துக்குச் சேர்ந்தால் பாதி விலை என்கிறார்கள். சேரலாமா?

ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். நான் ஒரு வருடத்துக்குக் கட்டிய இடம் நாலாம் மாதம் பூட்டுப் போட்டது. கதவில் ஒட்டியிருந்த கடதாசியைப் படிக்கக் கொடுத்த விலை அது.

மாஸ்டர், வயது 19, எடை 60 கிலோ. தசை வளர்க்கப் புரதப் பவுடர் எது நல்லது?

உங்கள் எடைக்கு, கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் என்று வைத்தால் நாளொன்றுக்கு 96 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் ஆறு கிராம். மீன், பருப்பு, கடலை, தயிர் என்று வீட்டிலேயே பெரும்பங்கு கிடக்கிறது. முதலில் ஒரு வாரம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள் தம்பி. இரவு பதினொரு மணிக்கு மேல் கொத்துரொட்டி என்று நாலு நாள் வந்தால், குறைவது புரதமல்ல, நித்திரை.

தெஹிவளையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகிறேன் மாஸ்டர். பள்ளிக்காலத்தில் நிறைய வாசித்தேன். இப்போது மூன்று பக்கம் தாண்டுவதில்லை, கை போனுக்குப் போகிறது. எதை வாசிக்கலாம்?

மூன்றாவது பக்கத்தில் கை போனைத் தேடுகிறது என்றால் மூன்று பக்கத்தில் முடிகிறதைத்தான் வாசிக்க வேண்டும். நாவலை விடுங்கள். பழைய சஞ்சிகைக்குப் போங்கள். டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை' இருக்கிறது, சிரிக்க வேண்டுமானால் 'சிரித்திரன்' இருக்கிறது. இரண்டின் இதழ்களும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆக, போனையே புத்தகமாக்கலாம். ஓர் இதழை எடுத்தால் கதையை மட்டும் பார்க்காதீர்கள் தங்கச்சி. விளம்பரம், வாசகர் கடிதம், அட்டையில் போட்டிருக்கும் விலை எல்லாவற்றையும் பாருங்கள். நான் ஒரு நாள் பழைய இதழொன்றின் வாசகர் கடிதத்தில் தொடங்கி, சோறு ஆறிப்போகும்வரை அதன் வாத விவாதங்களிலேயே கிடந்தேன்.

பஸ்ஸில் வாசிக்கச் சொல்லமாட்டேன். 100ஆம் இலக்கத்தில் காலி வீதியில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கு எழுத்து ஏது? மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், அதுதான் உங்கள் நேரம். கடதாசி வாசம் வேண்டுமென்றால் சனிக்கிழமை வெள்ளவத்தைக்கு வாருங்கள். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் உண்டு. மெல்லிய புத்தகமாக எடுங்கள். தடித்த புத்தகத்தைச் சுமந்துபோய், வாசிக்காமல் திருப்பிக் கொடுக்கும் வெட்கம் எனக்குப் பழக்கம்.

மகனுக்குப் 13 வயது. கொட்டாஞ்சேனை. எந்நேரமும் கிரிக்கெட் விளையாட்டைத் திரையில் பார்க்கிறான், விளையாட இடமில்லை. என்ன செய்யலாம் மாஸ்டர்?

திரையில் பந்து மட்டும்தான் தெரியும். மைதானத்தில் பந்து வராத இடத்தில் நிற்பவன் என்ன செய்கிறான் என்பது தெரியும். உள்ளூர்க் கழகப் போட்டி நடக்கும் ஒரு நாளில் அவனைப் பொரளைப் பக்கம் பி. சரவணமுத்து மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம், முத்தையா முரளிதரன் ஆடிய கழகம். 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராக அங்கேதான் ஆடியது. 1948இல் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குப் போகிற வழியில் அங்கே இறங்கி ஆடியபோது ஆடுகளம் 22 கெஜத்துக்குப் பதில் 20 கெஜம்தான் இருந்ததாம். இதைச் சொல்லுங்கள், எந்தப் பையனுக்கும் அளந்து பார்க்கத் தோன்றும். வீட்டில் கதவிலிருந்து சுவர்வரை அளக்கட்டும், ரப்பர் பந்தைச் சுவரில் எறிந்து ஒரு கையால் பிடிக்கட்டும். பிடிக்கும் கைக்கு மைதானம் தேவையில்லை.

வெள்ளவத்தைக் கடலில் நீந்திப் பழகலாமா?

வேண்டாம். கால் நனைக்கலாம். நீச்சலைத் தடாகத்தில், ஆசிரியரோடு பழகுங்கள்.

அப்பாவுக்கு 78. கண்ணில் புரை, பத்திரிகை வாசிக்க முடியவில்லை. போனில் எல்லாம் போட்டுக் கொடுத்தேன், தொடமாட்டேன் என்கிறார்.

தொடுதிரையில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது, அதுதான் அவர் கோபம். திருகும் குமிழ் உள்ள வானொலிப் பெட்டி ஒன்று வாங்குங்கள். அவருக்குப் பிடித்த நிலையம் வரும் இடத்தில் குமிழின் விளிம்பில் நகப்பூச்சு ஒரு துளி வைத்து, காயவிட்டு, மேலே இன்னொரு துளி வையுங்கள். பெட்டியிலும் நேரே ஒரு துளி. இரண்டு மேடும் சந்திக்கும்வரை திருகினால் போதும். கொழும்பில் வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. அவர் தலைமுறைக்கு அது வீட்டு ஆள். புரைக்குச் சத்திரசிகிச்சை உண்டு, கண் வைத்தியரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மே மாதம் தொடங்கினால் மழை. நடையை என்ன செய்வது மாஸ்டர்? ஐந்தாம் மாடியில் இருக்கிறேன்.

படியில் ஏறுங்கள், லிஃப்டில் இறங்குங்கள். இறங்குவதுதான் முழங்காலைத் தின்னும். மின்வெட்டு நேரத்தில் மட்டும் இந்த ஒழுங்கை மாற்ற வேண்டியிருக்கும், அப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.