'அபட்' என்றால் ஒட்டியிருப்பதா, பக்கத்தில் இருப்பதா? கேள்வி பதில்

'அபட்' என்ற ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள் கீழே. வேறு இலக்கணச் சந்தேகங்களை இன்று எடுக்கவில்லை.

கேள்வி: அக்கா, ஓர் ஆங்கிலப் பத்திரத்தில் நிலம் வாய்க்காலை 'அபட்' செய்கிறது என்று இருக்கிறது. 'வாய்க்காலுக்கு அருகில்' என்று மொழிபெயர்க்கலாமா?

பதில்: கூடாது தம்பி. 'அருகில்' என்று எழுதினால் நடுவே வேறொருவருக்கு ஒரு முழ நிலம் இருந்தாலும் பொருந்திவிடும். அபட் என்றால் இடைவெளியே கிடையாது, இந்த நிலம் முடியும் கோட்டில்தான் வாய்க்கால் தொடங்குகிறது. 'வாய்க்காலை ஒட்டிய நிலம்' என்று எழுதுங்கள். 'அட்ஜசன்ட்' வேறு. லத்தீனில் அதற்குப் 'பக்கத்தில் கிடப்பது' என்று பொருள். தொட்டே ஆகவேண்டும் என்பதில்லை. பத்திரத்தில் இரண்டையும் குழப்பினால் பாதைத் தகராறு, தண்ணீர்த் தகராறு என்று பின்னால் வந்து நிற்கும். நிலத்தின் எல்லைகளை ஆங்கிலச் சட்ட வழக்கில் 'அபட்டல்ஸ்' என்பார்கள். நம் பத்திரங்களில் எழுதும் நான்கெல்லைதான்.

கேள்வி: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: பிரெஞ்சிலிருந்து. பழைய பிரெஞ்சில் முனைக்கு 'பூட்' என்று பெயர், 'முட்டு, தள்ளு' என்பதற்கு 'போட்டேர்'. இரண்டும் நெருங்கிய சொந்தம், வேர் ஜெர்மானிய மொழிகளில் இருக்கிறது. முனையோடு முனை சேர்வது, மோதி நிற்பது என்ற இரண்டு பொருளும் கலந்துதான் நடுக்கால ஆங்கிலத்துக்கு வந்தன. ஆடு முட்டுவதற்கான 'பட்', சுவரைத் தாங்கும் 'பட்ரஸ்', பாலத்தின் இரு கரைகளிலும் இருக்கும் 'அபட்மென்ட்', எதிர்வாதத்தைத் தள்ளும் 'ரிபட்' எல்லாம் இந்தக் குடும்பம். தமிழில் 'முட்டு' ஏறக்குறைய இதே வேலைகளைச் செய்கிறது: ஆடு முட்டும், சுவருக்கு முட்டுக் கொடுப்போம், தெரு முடிந்தால் முட்டுச்சந்து. எனக்கு மிகவும் பிடித்த ஒப்புமை இது.

கேள்வி: 'அபௌட்' இதே குடும்பமா?

பதில்: இல்லை. அது பழைய ஆங்கிலச் சொல், 'வெளியே, சுற்றிலும்' என்ற பொருளில் வந்தது. ஒலியை நம்பி உறவு கொண்டாடாதீர்கள்.

கேள்வி: குற்றத்துக்கு உடந்தை என்று வரும் 'அபெட்'?

பதில்: இல்லை. அது கடிக்க ஏவிவிடுவதிலிருந்து வந்தது. மறுபடியும் ஒலி.

கேள்வி: 'ஆனால்' என்ற பொருளில் வரும் 'பட்'?

பதில்: அது 'அபௌட்'டின் சொந்தம், அபட்டுக்கு இல்லை. இந்த வகைக் கேள்வி இத்தோடு போதும்.

கேள்வி: நீங்களே 'முட்டு' என்கிறீர்கள். முட்டு கடல் கடந்து போய் 'பட்' ஆகியிருக்கலாமே?

பதில்: இது வரும் என்று தெரியும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் உண்டு: கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர். பொருள் போனது, கூடவே பெயரும் போனது. ஐரோப்பிய வணிகர்கள் இங்கே வந்த பிறகு நடந்தது அது. 'பட்' அதற்குப் பல நூற்றாண்டு முன்பே பிரெஞ்சில் இருந்தது. அடிப்பதைக் குறிக்கும் ஆங்கில 'பீட்' கூட அதன் பங்காளி. முட்டுவது என்ன, சரக்கா, கப்பலில் ஏற்றி அனுப்ப?

அதே நண்பர்: தமிழின் தொன்மையை மறுக்கிறீர்கள்.

பதில்: தமிழின் தொன்மைக்குச் சங்கப் பாடல்கள் இருக்கின்றன, அபட் வந்து சாட்சி சொல்ல வேண்டியதில்லை. 'அடுத்துச் சேர்ந்திரு' என்று பொருள்படும் 'அட்ஜாய்ன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பாருங்கள். அதற்குள் இருக்கும், இணைப்பதைக் குறிக்கும் லத்தீன் 'யுங்கெரெ', நுகத்தடியைக் குறிக்கும் ஆங்கில 'யோக்', சமஸ்கிருத 'யுக' மூன்றும் ஒரே வேர். அப்படிச் சொல்வது ஒலி ஒத்திருப்பதால் அல்ல. அந்த மொழிகளின் மற்றச் சொற்களிலும் எழுத்துகள் அதே முறையில் மாறியிருக்கின்றன. முட்டுக்கும் பட்டுக்கும் அப்படி ஒரு வரிசை காட்டுங்கள், பேசலாம்.

இன்னொருவர்: இடிக்கும் சத்தத்தைப் பார்த்து இரண்டு மொழியிலும் தனித்தனியாகப் பிறந்திருக்கலாமே?

பதில்: இருக்கலாம். ஆனால் அப்போதும் அது கடன் ஆகாது.

கேள்வி: 'அபட் ஆன்', 'அபட் அகென்ஸ்ட்', வெறும் 'அபட்': எது சரி?

பதில்: மூன்றும் சரி. நிலத்துக்கு 'ஆன்' அல்லது வெறும் அபட். ஒரு கட்டடம் இன்னொன்றின் சுவரோடு சேர்ந்து நின்றால் 'அகென்ஸ்ட்'.

கேள்வி: இரண்டு வீட்டுக்கும் நடுவில் பொதுச் சந்து இருக்கிறது. அபட் ஆகுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கோபிக்காதீர்கள் அக்கா. 'பட்டன்' நம் பொத்தானிலிருந்து போனதுதானே?

பதில்: தலைகீழ். பொத்தான் போர்த்துக்கீசிய 'போத்தாவ்' வழியாக இங்கே வந்தது. அதுவும் ஆங்கிலப் பட்டனும் பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து வந்தவை. அதற்கு முதலில் மொட்டு என்று பொருள், முட்டிக்கொண்டு வெளியே வருவது. அதே 'போட்டேர்'தான். ஆக, அபட்டுக்குத் தமிழில் சொந்தம் வேண்டும் என்பவர்கள் சட்டையைப் பார்த்துக்கொள்ளலாம்.