ஒரே வகுப்பில் இருந்தவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் சிவகாசிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 1991-இல் பிளஸ் டூ முடித்தவன். எங்கள் வகுப்புத் தோழர்களுக்காக 2016-இல் ஒரு வாட்ஸப் குழு தொடங்கினோம். இப்போது 47 பேர் இருக்கிறார்கள், நான்தான் அட்மின். முதல் சில ஆண்டுகள் மழை, விலைவாசி, பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை, தேர்தல் என்று எல்லாவற்றையும் பேசினோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தீபாவளியின்போது, டெல்லிக்கு அருகில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் பட்டாசுப் புகையைப் பற்றித் தமக்கு வந்த நீண்ட செய்தி ஒன்றை அப்படியே குழுவில் போட்டார். பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் மற்றொரு நண்பர் கடுமையாகப் பதில் எழுதினார். பேச்சு தடித்து, இரவு பதினொன்றரை மணிக்குள் ஒருவர் குடும்பத்தை மற்றவர் இழுத்துப் பேசும் அளவுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை போர்மேன் நண்பர் குழுவைவிட்டு வெளியேறினார். அன்றே நான், 'அரசியல், மதம், நாட்டு நடப்பு எதையும் இங்கே பேசக் கூடாது' என்று விதி போட்டேன்.

அதன்பின் சண்டை இல்லை. ஆனால் காலை வணக்கப் படங்களையும் பிறந்தநாள் வாழ்த்துகளையும் தவிர வேறு எதுவும் இல்லை. சென்ற மாதம் ஒரு நண்பரின் தந்தை இறந்த செய்திக்கு முப்பது பேர் ஒரே கைகூப்பும் படத்தைப் போட்டார்கள். எனக்கு மனது சங்கடமாகிவிட்டது. விதியை எடுத்துவிடலாமா? ஏதாவது தவறான செய்தி வந்தால் அட்மின் மீதுதான் வழக்கு வரும் என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். வெளியேறியவரைத் திரும்பச் சேர்க்கலாமா? அவர் வீடு என் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர்தான். (என் பெயர் வேண்டாம்.)

–

அன்புள்ள நண்பருக்கு,

விதியை எடுத்துவிடுங்கள். நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் அதைப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் எல்லாருக்கும் பொதுவானதாகத் தோன்றும் அந்த விதி உண்மையில் ஒருவர் வாயைத்தான் அடைக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். டெல்லியில் இருப்பவருக்குப் பட்டாசுத் தடை ஒரு செய்தி. போர்மேனுக்கு அது வாரக் கூலி. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு மருந்தில் சேர்க்கும் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரைதான் வெடிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், புஸ்வாணம் ஆகியவற்றுக்கான மருந்தில் பேரியம் நைட்ரேட்டுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை அந்த ஊர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததும், சரம் பின்னிக்கொண்டிருந்த பெண்கள் வேறு வேலை தேடிப் போனதும் உங்கள் தெருவிலேயே நடந்திருக்கும். 'எங்கள் ஆலையில் இனிமேல் சரம் கிடையாதாம், ஆளைக் குறைக்கிறார்கள்' என்று அவர் எழுதினால் அது அன்றாடச் செய்தியா, நாட்டு நடப்பா? உங்கள் விதிப்படி அவர் தம் வேலையைப் பற்றியே பேச முடியாது. காலை வணக்கம் மட்டும் சொல்லலாம்.

டெல்லிக்காரர் பக்கத்தையும் நான் விட்டுவிடவில்லை. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் அந்தப் பகுதியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருப்பது எளிதல்ல. பட்டாசோடு வயல்களில் எரிக்கும் வைக்கோல் தாள், வண்டிப் புகை, காற்று அசையாத குளிர் எல்லாம் சேர்ந்து அங்கே மூச்சை அடைக்கும். அவர் வீட்டில் ஒரு குழந்தைக்கு இருமல் நிற்காமல் இருந்திருக்கலாம். வயதான தாயாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். அதை அவர் தம் சொல்லில் நாலு வரி எழுதியிருந்தால் போர்மேன் நண்பர் முதலில் 'பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு' என்றுதான் கேட்டிருப்பார். அவரும் பிள்ளை பெற்றவர்தானே. ஆனால் இவர் அனுப்பியது முகம் தெரியாத யாரோ எழுதிய கட்டுரை. அந்த முகம் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் போர்மேன் தம் வகுப்புத் தோழன் முகத்தில் எறிந்தார். அன்று இரவு சண்டை போட்டவர்கள் இரண்டு பேர், ஆனால் சண்டையைத் தொடங்கி வைத்தவர் உங்கள் குழுவிலேயே இல்லாத மூன்றாவது ஆள்.

ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்த செய்திக்கு வாட்ஸப் இரட்டை அம்புக்குறி போடுகிறது. 2020 ஏப்ரலிலிருந்து அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். நம் பழைய வகுப்பு அந்த ஓர் உரையாடலாக இருக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன். 1986-இல் பிளஸ் டூ முடித்த எங்கள் வகுப்புக்கும் ஒரு குழு இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய வாரம் வரை நாங்களும் உங்களைப் போலத்தான் யாரோ எழுதியதை ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தோம். புயலுக்குப் பிறகு ஊரில் இருந்த பதினான்கு பேரிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. மின்சாரம் இல்லை, கோபுரங்கள் விழுந்துவிட்டன. சென்னையிலும் திருப்பூரிலும் துபாயிலும் இருந்த நாங்கள், தொலைக்காட்சியில் ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டு, அனுப்பிய செய்திகளுக்குக் கீழே இரண்டாவது டிக் விழுகிறதா என்று காத்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தாம் நாள் இரவு பேராவூரணிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நண்பனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. நாற்பது நொடிகூட இருக்காது. "எல்லாரும் உசுரோட இருக்கோம்டா. தோப்பு முழுக்கப் படுத்துடுச்சு. எங்க அப்பா காலத்துலேர்ந்து நம்ம வீட்டு வாசல்ல நின்னா ரோடு தெரியாது, மரந்தான் தெரியும். இப்ப ரோட்டுல போற பஸ்ஸு தெரியுது." அவ்வளவுதான். பின்னால் யாரோ மண்வெட்டியால் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. அதற்கு முந்தைய ஐந்து நாட்களில் நான் படித்த எந்தச் செய்தியும் எனக்கு அந்தப் புயலைக் காட்டவில்லை. அந்தப் பேருந்து காட்டியது.

அதன்பிறகு எங்கள் குழு நாட்டு நடப்பைப் பேசியதுபோல் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. விழுந்த தென்னைக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தபோது, அது எவ்வளவு நாளைக்கு என்று அவன் கணக்குப் போட்டுச் சொன்னான். ஒரு மரத்தை அறுத்து இழுத்துப் போட என்ன கூலி கேட்கிறார்கள், நெட்டைக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர எத்தனை ஆண்டு, அதுவரை ஊடுபயிராக எதைப் போடுவது என்று பேச்சு வாரக்கணக்கில் நீண்டது. வருவாய்த் துறையில் இருந்த இன்னொரு நண்பன் எந்த மனுவை எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று தெளிவாக எழுதினான். ஆளுங்கட்சிக்காரனும் எதிர்க்கட்சிக்காரனும் அதே குழுவில் இருந்தார்கள்; அரசைக் குறை சொன்னவர்களும் இருந்தார்கள். யாரும் வெளியேறவில்லை. பேசப்பட்ட ஒவ்வொன்றும் எங்களில் ஒருவர் தொட்டுப் பார்த்ததாக இருந்தது என்பதே காரணம்.

வகுப்புத் தோழர்கள் நாம் தேர்ந்தெடுத்த நண்பர்கள் அல்லர். சொந்தக்காரர்கள் ஒரு சாதிக்குள் அடங்குவார்கள், தெருக்காரர்களும் நம் ஊர்களில் பெரும்பாலும் அப்படித்தான். அலுவலகத் தோழர்கள் ஏறக்குறைய ஒரே சம்பளத்துக்குள் இருப்பார்கள். வகுப்பறையில் மட்டும் நம் பெயர் வருகைப் பதிவேட்டில் எங்கே விழுந்ததோ, நாம் எவ்வளவு உயரம் இருந்தோமோ அதை வைத்து ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தோம். வண்ணாரத் தெருப் பையனும் மிராசுதார் வீட்டுப் பையனும் ஒரே மைக்கூட்டில் மை நிரப்பிக்கொண்ட இடம் எங்களுக்கு அந்த ஓர் அறைதான். ஐம்பது வயதுக்கு மேல் அந்தக் கலவை நம் வாழ்வில் வேறு எங்கும் வாய்ப்பதில்லை. ஆகவேதான், அந்தக் குழுவில் வாழ்த்து மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது. ஒரு செய்தி ஐந்து விதமான வீடுகளில் எப்படி இறங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

அந்தக் கலவையும் தானாக நிலைப்பதில்லை. 47 பேர் என்கிறீர்கள். அவர்களில் வாய் திறப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எங்கள் குழுவில் எண்ணியபோது பதினொன்று வந்தது. பேசாதவர்களில் சிலருக்குத் தமிழில் தட்டச்சு வராது, ஆங்கில எழுத்தில் எழுதக் கூச்சம். பெட்டிக்கடை வைத்திருந்த ஒருவன், பழைய மாணவர் சங்கமத்துக்கு ஆளுக்கு மூவாயிரம் ரூபாய் என்று அறிவித்த நாளிலிருந்து பேசுவதை நிறுத்தியிருந்தான். நாங்கள் அதைக் கவனிக்க ஓராண்டு பிடித்தது. இன்னொருவன் தாசில்தாராகிவிட்ட நண்பனை 'டா' போடுவதா, 'சார்' என்பதா என்று முடிவு செய்ய முடியாமலே சும்மா இருந்திருக்கிறான். தாசில்தார் தாமே ஒரு நாள் குரல் பதிவில் அவனைப் பழைய பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'ஏண்டா என்கிட்ட பேச மாட்டேங்கிற' என்று கேட்ட பிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது.

பெண்கள் சேர்ந்தது இன்னும் தாமதமாக. பள்ளியில் இரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தும் நாங்கள் அவர்களோடு பத்துச் சொற்கள் பேசியதில்லை. இப்போது 'ங்க' போட்டுத்தான் பேசிக்கொள்கிறோம், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. கணவர் பெயரில் இருந்த எண்ணோடு வந்தவர்கள், தலைப்பெழுத்து மாறிப்போனதால் யாரென்று தெரியாமல் இருந்தவர்கள் அவர்களில் உண்டு. சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருக்கும் ஒரு தோழி முட்டை விலை ஏறும்போதெல்லாம் எழுதுவதைப் படித்த பிறகு, விலைவாசியைப் பற்றி நான் எழுதி வந்தவை எவ்வளவு மேலோட்டமானவை என்று உணர்ந்தேன்.

பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டே, அவர்களையும் நினையுங்கள். 'பிளஸ் டூ 1991' என்று பெயர் வைத்த கணமே அவர்கள் வெளியே நின்றுவிடுகிறார்கள். உங்கள் ஊரில் தீப்பெட்டிக்கும் அச்சகத்துக்கும் பட்டாசுக்கும் பாதியில் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! ஆறாம் வகுப்பிலிருந்து ஐந்தாண்டு உடன் இருந்தவனைவிட, கடைசி இரண்டாண்டு உடன் இருந்தவன் எப்படி அதிகத் தோழனாவான்? நாங்கள் குழுவின் பெயரிலிருந்து ஆண்டையே எடுத்துவிட்டோம். அதனால் ஒன்பது பேர் புதிதாக வந்தார்கள்.

வழக்கு பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். அடுத்தவர் போட்ட பதிவுக்காக, வெறும் நிர்வாகியாக மட்டும் இருப்பவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-இல் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அந்த வழியில் சென்றது. தவறான பதிவில் நிர்வாகிக்கும் கூட்டு இருந்தால் கதை வேறு. ஆகவே பயப்பட வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஒருவரை இழிவுபடுத்தும் பதிவு வந்தால் நிர்வாகியாகிய நீங்களே எல்லாருக்கும் சேர்த்து அதை நீக்கிவிட முடியும். நீக்கிய பிறகு குழுவில் அறிவுரை எழுதாதீர்கள். போட்டவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். நாலு பேர் முன்னால் கண்டிக்கப்பட்டவன் தன் கருத்தைவிட்டு இறங்கி வருவதை நான் பார்த்ததில்லை.

பழைய விதியின் இடத்தில் ஒரு விதி வேண்டும் என்றால், 'நீ பார்த்ததை, உன் சொல்லில் சொல்' என்று வையுங்கள். தட்டச்சு வராதவர்கள் குரலில் சொல்லட்டும். தேர்தலையும் பேசட்டும், தீர்ப்பையும் பேசட்டும். ஆனால் அது தம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கட்டும். அந்தக் கைகூப்பும் படங்களையும் நீங்கள் தடுக்க வேண்டியதில்லை. இறந்துபோன அந்தத் தந்தையை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கு அவர் எந்தச் சைக்கிளில் வந்தார், என்ன சொல்லி அதட்டினார் என்று நீங்கள் ஒருவர் எழுதிப் பாருங்கள், மற்றவர்களுக்கும் நினைவு வரும்.

போர்மேன் நண்பரை எண்ணைத் தட்டிச் சேர்த்துவிடாதீர்கள். அவமானப்பட்டு எழுந்து போனவரை வாசல் வரை போய்த்தான் கூப்பிட வேண்டும். நான்கு கிலோமீட்டர்தானே. முதல் முறை குழுவைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், ஆலை எப்படி ஓடுகிறது, இந்த ஆண்டு ஆர்டர் எப்படி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். அதற்கு முன்னால் டெல்லி நண்பரிடம் பேசுங்கள். அவரே ஒரு தடவை போர்மேனை நேராக அழைத்தால் உங்கள் வேலை பாதி முடிந்துவிடும். தீபாவளி நெருங்கும் மாதங்களில் ஆலைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். பண்டிகை முடிந்து ஆலை அடைத்திருக்கும் வாரத்தில் போங்கள், ஆள் வீட்டில் இருப்பார்.

அன்புடன்.